வீரத்துக்கு இரண்டு சாட்சி

தான் தலைசிறந்த சேவை செய்திருக்கும் விஷயம் ரைட்டருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குத்தான் தெரியவந்தது.

"எப்போ சார்?" என்று கேட்டார்.

"அதை நீதான் யோசிச்சுச் சொல்லணும். அஞ்சு மணிக்குள்ள சொல்லு, தபால் போயிடும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆண்டுதோறும் ஒவ்வொரு காவல் நிலையமும் தலைசிறந்த சேவைப் பதக்கத்துக்கு ஒரு பெயரை அனுப்பியாக வேண்டும். போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் இன்ஸ்பெக்டர் தன் பெயரையே அனுப்பி, தானே வாங்கிக்கொண்டுவிட்டார். தொடர்ந்து மூன்றாவது முறையும் ஒரே ஆள் தலைசிறந்து விளங்க விதியில் இடமில்லை. எனவே அவர் பெருந்தன்மையோடு நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இரண்டு பேர் விடுப்பில் இருந்தார்கள். ஒருவர்மேல் விசாரணை நடந்துகொண்டிருந்தது. இன்னொருவர் தூங்கிக்கொண்டிருந்தார். எஞ்சியவர் ரைட்டர்.

வருகிற புகார்களை எழுதி, வரிசை எண் போட்டு, நூல் கோத்துக் கட்டிவைப்பது ரைட்டரின் வேலை. பதினோரு வருஷமாக அதே மேஜை. அவருக்கும் ஒரு பெயர் இருந்தது, ஆனால் அது வருகைப் பதிவேட்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை. மீசை இருந்தது. அதைப் பார்த்து யாரும் பயந்ததாகத் தகவல் இல்லை.

"சார், நான் ஒண்ணுமே பண்ணலையே."

"நானும்தான் பண்ணல. ரெண்டு மெடல் வாங்கலையா? நல்லா யோசி. யாரையாவது பிடிச்சிருக்கியா?"

ரைட்டர் யோசித்துப் பார்த்தார். ஒருவனைப் பிடித்திருந்தார். போன வருஷம் ஒரு சனிக்கிழமை, பஸ் நிலையத்தில். அப்போதுதான் கழுவிவிட்ட தரை. கால் வழுக்கியது. பிடிமானத்துக்குக் கையை வீசியபோது, ஒரு டீச்சரின் கைப்பையைப் பறித்துக்கொண்டு அந்தப் பக்கமாக ஓடிய ஒருவனின் சட்டைக் காலர் அகப்பட்டது. இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். ரைட்டர் அவன்மேல் விழுந்ததால் அவருக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் புகாரை எழுதிமுடிப்பதற்குள், மனைவியைப் பார்க்கப் போகவேண்டிய பஸ் போய்விட்டது.

"அப்படிச் சொல்லு! துரத்திப் பிடிச்சிருக்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வழுக்கி விழுந்தேன் சார்."

"எந்தப் பக்கமா விழுந்த?"

"அவன் பக்கமா."

"அதுக்குப் பேர்தான்யா கடமை உணர்ச்சி. வேற யாராவதா இருந்தா இந்தப் பக்கம் விழுந்திருப்பான்."

ரைட்டர் இன்னும் தயங்கினார். இன்ஸ்பெக்டர் குரலைத் தணித்து, "மெடல் வாங்கினவனுக்குக் கேட்ட ஊருக்கு மாறுதல் உண்டு, தெரியும்ல?" என்றார்.

ரைட்டர் பேனாவைத் திறந்தார்.

அவருடைய மனைவி ஏழு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஓர் ஊரின் அரசு மருத்துவமனையில் நர்ஸ். நான்கு வயதுப் பெண் குழந்தை அவளிடம் வளர்ந்தது. மாதத்துக்கு இரண்டு நாள் குடும்பம், மீதி நாளெல்லாம் போன். மாறுதல் கேட்டு ரைட்டர் இதுவரை ஒன்பது மனு போட்டிருந்தார். ஒன்பதுக்கும் ஒரே பதில்: 'கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது.'

அன்று சாயந்திரம் மனைவியிடம் போனில் சொன்னார்.

"வழுக்கி விழுந்ததுக்கா மெடல்?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"போன மாசம் நான் ஆஸ்பத்திரிப் படியில வழுக்கி விழுந்தேன். அரை நாள் லீவுகூடத் தரல."

விண்ணப்பம் இருபத்திரண்டு பக்கம். ஒன்பதாவது கட்டத்தில், 'வீரச் செயலின்போது விண்ணப்பதாரரின் முகபாவம்' என்று கேட்டிருந்தது. ரைட்டர் 'அதிர்ச்சி' என்று எழுதியதை இன்ஸ்பெக்டர் அடித்துவிட்டு 'உறுதி' என்று போட்டார். பதினான்காவது கட்டம்: 'விண்ணப்பதாரர் தன்னடக்கம் உடையவரா? ஆம் எனில் ஆதாரம் இணைக்கவும்.' அதற்கு எதை இணைப்பதென்று இருவருக்குமே தெரியவில்லை. காலியாக விட்டார்கள்.

ஃபைல் புறப்பட்டது. காவல் துறையில் மேலே போகிற ஃபைலை எந்த அலுவலகமும் வந்தது வந்தபடி அனுப்புவதில்லை. அனுப்பினால் அங்கே யாரும் வேலை செய்யவில்லை என்று ஆகிவிடும். 'நானூறு மீட்டர் துரத்தினார்' என்று இன்ஸ்பெக்டர் எழுதி அனுப்பியது வட்ட அலுவலகத்தில் நான்கு கிலோமீட்டர் ஆனது. மாவட்ட அலுவலகத்தில் திருடன் கையில் ஒரு கத்தி முளைத்தது. மண்டல அலுவலகத்தில் ஒருவனாக இருந்த திருடன் மூவர் கொண்ட கும்பலுக்குத் தலைவனானான். கடைசியாகத் தலைமை அலுவலகத்தில், பத்து வருஷமாகக் கையெழுத்து மட்டுமே போட்டுவந்த ஒரு மூத்த அதிகாரி, எல்லோரும் ஏதோ சேர்த்திருக்கிறார்களே என்று பார்த்து, 'பெருக்கெடுத்தோடிய ஆற்றை நீந்திக் கடந்து' என்று ஒரு வரி சேர்த்தார்.

நகல் திரும்பி வந்தபோது ரைட்டர் அதை இரண்டு முறை படித்தார்.

"சார், நம்ம ஊர்ல ஆறே இல்லையே."

"மேலிடத்துல சொன்னா இருக்கும்யா" என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரு சிக்கல்தான். வீரம் பெருசா ஆயிட்டதால, விதிப்படி ரெண்டு சாட்சி வேணுமாம். மெடல் கமிட்டி கேக்குது."

சம்பவத்தை நேரில் பார்த்ததாகப் பதிவில் இருந்தவர்கள் இரண்டே பேர். பையைப் பறிகொடுத்த டீச்சர் ஒருவர், பறித்தவன் ஒருவன்.

டீச்சரைக் கமிட்டியே கூப்பிட்டு விசாரித்தது. அவர் கணக்கு டீச்சர், கூடவும் சொல்லமாட்டார், குறையவும் சொல்லமாட்டார். "அவர் வழுக்கி விழுந்தாரு. பாவம், முழங்கை சிராய்ப்பு. என் பை கிடைச்சுது" என்றார். கமிட்டி இப்படிப் பதிவு செய்தது: 'பாய்ந்ததை, சாட்சி தம் பதற்றத்தில் வழுக்கியதாகக் கண்டார்.' முதல் சாட்சி முடிந்தது.

இரண்டாம் சாட்சியை எல்லோரும் மின்னல் என்று கூப்பிட்டார்கள். ஓட்டத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று சொல்லமுடியாது. ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்து, காவல் நிலையத்துக்கு எதிர்த் தெருவிலேயே இஸ்திரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அந்த வட்டாரத்துப் போலீஸ் யூனிஃபார்ம் எல்லாம் அவன் கையால்தான் மடிப்புப் பெற்றன. அவன் பெயரில் எழுதிய வாக்குமூலத்தோடு ரைட்டர் போனபோது அவன் இன்ஸ்பெக்டரின் பேன்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"'மூவர் கொண்ட ஆயுதக் கும்பலின் தலைவனாகிய நான்...' சார், கும்பலுக்கு நான் எங்க போவேன்? வீட்ல நான் சொன்னா நாய்க்குட்டிகூட எந்திரிக்காது. கத்தின்னு வேற போட்டிருக்கு. அன்னிக்கு ஒரு கையில அந்தம்மா பை, இன்னொரு கையில பாதி பன்னு."

"தெரியும்யா."

"ஆறு எங்க சார் வந்துச்சு?"

"அது தலைமை ஆபீஸ்ல வந்துச்சு."

மின்னல் தாளைத் திருப்பிப் பார்த்தான். "இதுல கையெழுத்துப் போட்டா எனக்கு என்ன ஆகும்?"

ரைட்டருக்குப் பொய் எழுதத்தான் வரும், சொல்ல வராது. "ஏழு வருஷம் ஆகும்" என்றார்.

"உங்களுக்கு?"

"மெடல் தருவாங்க. அப்புறம்... வீட்டுக்காரி ஊருக்கு மாறுதல்."

"குழந்தை இருக்கா?"

"பொண்ணு. நாலு வயசு. ஒவ்வொரு தடவை போறப்பவும் ஒளிஞ்சுக்கிட்டு எட்டிப் பாப்பா. பக்கத்துல வர்றதுக்குள்ள எனக்குத் திரும்பற பஸ் வந்துடும்."

மின்னல் தேய்த்த துணிகளை ஓரமாக நகர்த்திவைத்தான். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "பேனா குடுங்க சார்" என்றான்.

ரைட்டர் பேனாவை எடுக்கவில்லை. அவன் கையிலிருந்த தாளை மெதுவாக உருவி, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "போய்யா, வேலையைப் பாரு. இன்ஸ்பெக்டர் பேன்ட்டுல மடிப்பு ரெண்டா விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மறுநாள் அவர் நேராகக் கமிட்டித் தலைவரின் அறைக்கே போய்விட்டார். தலைவர் மார்பில் இரண்டு வரிசைப் பதக்கங்கள். மூச்சுவிடும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன.

"ஐயா, அந்த ஃபைல்ல இருக்கறது எதுவும் நடக்கல. நான் யாரையும் துரத்தல. நீந்தல. எனக்கு நீச்சலே தெரியாது. வழுக்கி விழுந்தேன், அவ்வளவுதான். எனக்கு மெடல் வேண்டாம்."

தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து ரைட்டரின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. உள்ளறையைப் பார்த்து, "யாருப்பா அங்க! இவர் சொன்னதை அப்படியே எழுது. பதினாலாம் கட்டத்துக்கு ஆதாரம் இல்லாம ரெண்டு வாரமா இந்த ஃபைல் நிக்குது" என்றார்.

"ஐயா, நான் நெசமாத்தான் சொல்றேன்."

"அதையும் சேர்த்து எழுது."

ரைட்டர் வெளியே வந்தார். உண்மையைச் சொல்லச் சொல்லத் தன்னடக்கம் ஏறிக்கொண்டே போகும் என்பதை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. நிலையத்துக்குத் திரும்பியபோது பெஞ்சில் மின்னல் உட்கார்ந்திருந்தான். கையில் டீ.

"கும்பல்ல மூணு பேர்னு மேலிடமே சொல்லிடுச்சு. ஒருத்தன் இங்க இருக்கான். மீதி ரெண்டு பேர் எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் தலைமையில் தனிப்படை அமைத்து உத்தரவு வந்திருந்தது. குரலில் உற்சாகம் தாங்கவில்லை. "அடுத்த வருஷம் விதியில எனக்கு இடம் இருக்குய்யா."

மின்னலை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்து, கூட்டாளிகள் பெயரை மட்டும் கேட்டார்கள். இரண்டாம் நாள் அவனே அலுத்துப்போய், "சார், அந்த ரெண்டு பேர் பேரை நீங்களே சொல்லிடுங்க. நான் ஆமான்னு சொல்லிடறேன்" என்றான். ஒத்துழைக்க மறுக்கிறான் என்று குறிப்பு எழுதப்பட்டது. அவனைச் சிறைக்கு அனுப்பத் தாள்கள் தயாராயின. எழுதவேண்டியவர் ரைட்டர்.

அந்த வாரம் முழுக்கப் பதக்க விழா ஒத்திகை வேறு. மாவட்டத்துக் காவலர்கள் எல்லோரும் மைதானத்தில் கைதட்டப் பழகினார்கள். நிலைய வாசலில் ஒரு பலகை தொங்கியது: 'தலைசிறந்த சேவைக்கான ஒத்திகைக்குச் சென்றுள்ளோம். குற்றங்களை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தெரிவிக்கவும்.' இஸ்திரி போட ஆளில்லாததால் மொத்தப் படையும் கசங்கிப்போய் நின்றது.

ரைட்டர் தன் மேஜையில் உட்கார்ந்து, பதினோரு வருஷத்தில் முதல் முறையாக விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார். பிறகு கமிட்டிக்கு ஒரு குறிப்பு எழுதினார். அழகான கையெழுத்து, பணிவான நடை. விதி முப்பத்தொன்றின்படி வீரத்துக்குச் சாட்சி சொல்பவர் நன்னடத்தை உடையவராக இருக்கவேண்டும். இரண்டாம் சாட்சி இப்போது கும்பல் தலைவனாக பெஞ்சில் இருக்கிறான். அவன் சிறைக்குப் போனால் சாட்சியம் செல்லாது. சாட்சியம் செல்லாவிட்டால் வீரம் செல்லாது. வீரம் செல்லாவிட்டால், அந்த வீரத்தைக் கண்டறிந்து பரிந்துரைத்ததற்காகப் பாராட்டுப் பத்திரம் பெறவிருக்கும் ஏழு அதிகாரிகளும் எதைக் கண்டறிந்தார்கள் என்ற கேள்வி எழக்கூடும். மீதி இரண்டு பேரைப் பொறுத்தவரை, கோப்பில் கண்ட பெருக்கெடுத்த ஆற்றில் அவர்கள் மூழ்கிப்போனதாகவே கொள்ளலாம். ஆறு கிடைக்காததால் உடல்களும் கிடைக்கவில்லை.

அன்று மதியமே கமிட்டி அவசரமாகக் கூடியது. இன்ஸ்பெக்டரையும் ரைட்டரையும் ஓரமாக நிற்கவைத்திருந்தார்கள்.

"ஆறு கிடைக்கலைன்னா என்ன அர்த்தம்?" என்றார் தலைவர்.

"எங்க ஊர்ல ஆறு இல்லைங்க ஐயா" என்றார் ரைட்டர்.

"ஃபைல்ல இருக்கா?"

"இருக்குங்க."

"அப்ப எங்கயோ இருக்கு. தேடுங்க."

வரைபடம் கொண்டுவந்து விரித்தார்கள். நான்கு பேர் குனிந்து தேடினார்கள். மேலே போய், இடப்பக்கம் திரும்பி, மூன்று மாவட்டம் தாண்டி ஒருவர் விரல் நீலக்கோட்டில் நின்றது. ரைட்டர் ஓரத்திலிருந்து எட்டி அந்த ஊரின் பெயரைப் படித்தார். அவர் மனைவி வேலை பார்க்கும் ஊர். ஆறு மருத்துவமனைக்குப் பின்னால் ஓடியது.

"அவ்வளவு தூரமா துரத்திக்கிட்டுப் போனாரு?" என்றார் தலைவர் வியந்துபோய்.

"தலைசிறந்த சேவைங்க ஐயா" என்றார் இன்ஸ்பெக்டர்.

மின்னலுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் தயாரானது. ஏழு அதிகாரிகளும் அதில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். வாக்குமூலத்தையும் திருத்தி எழுதச் சொன்னார்கள். ரைட்டரே எழுதினார்: 'அவர் விழுந்ததை மிக அருகில் இருந்து பார்த்தேன்.' அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மின்னல் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராகக் கடைக்கு ஓடினான். விழாவுக்குள் நூற்றிருபது சட்டை தேய்க்கவேண்டியிருந்தது.

விழாவில் தலைவர் ஐம்பது நிமிடம் பேசினார்.

"இந்தப் பதக்கம் சும்மா கிடைக்கிற பொருளல்ல. என்னிடம் பதினாறு இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நானே என் பெயரைப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. வேறு யாரும் முன்வராத நிலையிலும் நான் தளரவில்லை! பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு குற்றவாளியை நான் நேருக்கு நேர் பார்த்தேன். அந்த அனுபவம்தான் என்னை நிர்வாகப் பிரிவுக்குக் கொண்டுசேர்த்தது. அன்றிலிருந்து இன்றுவரை என் அறையில் ஒரு குற்றம்கூட நடந்ததில்லை."

ஒத்திகையில் பழகியபடி எல்லோரும் பதினொரு நொடி கைதட்டினார்கள். ரைட்டரின் சட்டையில் பதக்கம் குத்தப்பட்டது. ஊசி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. ஆனாலும் அவர் முகபாவம் உறுதியாக இருந்ததாகப் பத்திரிகையில் வந்தது.

விழா முடிந்ததும் ரைட்டர் மாறுதல் மனுவை எடுத்துத் தலைவரிடம் நீட்டினார். பத்தாவது மனு.

தலைவர் படித்துவிட்டு வருத்தமாகத் தலையாட்டினார். "கேட்ட ஊர் குடுக்கலாம்னு விதி இருக்குதான். ஆனா தன்னடக்கம் உள்ளவர் கேக்கமாட்டாரே? நீங்க கேட்டா பதினாலாம் கட்டம் பொய்யாயிடும். மெடலைத் திருப்பி வாங்கவேண்டி வரும்."

"சரிங்க ஐயா" என்றார் ரைட்டர். வேறென்ன சொல்வது? மனுவை மடித்துப் பையில் வைத்தார்.

"தவிர, உங்களுக்கு வேற உத்தரவு ஒண்ணு போட்டிருக்கு. கஷ்டமான வேலைதான், மனசுல வெச்சுக்காதீங்க" என்று தலைவர் ஒரு தாளை நீட்டினார். ஆற்றில் மூழ்கிய இருவரின் உடல்கள் கிடைக்கும்வரை, சம்பவ இடத்தை நேரில் அறிந்த ஒரே அலுவலர் என்ற முறையில், ரைட்டர் உடனடியாக அந்த ஊருக்குப் போய் ஆற்றங்கரையில் பணியில் சேரவேண்டும். குடும்பக் காரணங்களைக் காட்டி இந்த உத்தரவை மறுக்க இயலாது.

ரைட்டர் குடும்பக் காரணம் எதையும் காட்டவில்லை. அன்று மதிய பஸ்ஸிலேயே ஏறிவிட்டார்.

தேடும் வேலை அவ்வளவு சிரமமாக இல்லை. காலையில் கரையோரம் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. பாப்பா முதல் வாரம் கதவுக்குப் பின்னால் இருந்தே அவரைக் கவனித்தாள். இரண்டாவது வாரம், இந்த ஆள் திரும்பிப் போகிற மாதிரி தெரியவில்லை என்று முடிவு செய்தவள்போல வந்து, அவர் தொப்பியைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதம் பார்வையாளர் குழு ஒன்று வருகிறது. தலைசிறந்த சேவை நடந்த இடத்தில், ஆற்றை நீந்திக் கடந்த விதத்தை ரைட்டர் அவர்களுக்கு நேரில் செய்துகாட்ட வேண்டும்.

மனைவி கடிதத்தைப் படித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மருத்துவமனைக்குப் பின்னால் இடுப்பளவுத் தண்ணீரில் ரைட்டர் நின்றார். குளிரில் பல் தந்தியடித்தது. கரையில் பாப்பா போலீஸ் தொப்பியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் மேற்பார்வை செய்துகொண்டிருந்தாள். மனைவி அவர் முதுகுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தாள்.

"சாயுங்க. உடம்பைத் தளர்த்தி விடுங்க."

"விட்டா மூழ்கிடுவேன்."

"நான் பிடிச்சிருக்கேன்ல."

"கையை எடுத்துடாத."

"எங்க போகப் போறேன்? சாயுங்க சொல்றேன்."

ரைட்டர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சாய்ந்தார். காதுக்குள் தண்ணீர் புகுந்ததும் கரைச் சத்தமெல்லாம் நின்றுபோனது. கால் தானாக மேலே வந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாரோ, கண்ணைத் திறந்தபோது மேலே வானம் இருந்தது, பக்கத்தில் அவள் முகம் இருந்தது. அவளுடைய இரண்டு கையும் அவள் இடுப்பிலேயே இருந்தன.